மேஸ்திரிக்குச் செடி தேடிய கோடை

"அப்பா, செடி இல்லாமல் மேஸ்திரியை உள்ளே விட வேண்டாம். செடி வாங்கிய கையோடும் விட வேண்டாம். – ஜெனி."

கண்ணாடித் தொட்டியின் மேல் ஒட்டியிருந்த இந்தச் சீட்டை எடுத்து வைத்திருக்கிறேன். கீழே தேதியும் இருக்கிறது. என் பழக்கங்களில் அதை மட்டும்தான் என் மகள் எடுத்துக்கொண்டாள். பத்திரிகையில் நான் எழுதும் இந்தத் தொடரில் தேதிகள் அளவுக்கு மீறிப் போகின்றன என்று ஆசிரியர் அன்போடு கண்டித்திருப்பதால், கத்திரி வெயில் தொடங்குவதற்கு முந்தைய வாரம் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

சீட்டில் இருந்த இரண்டு கட்டளைகளையும் நான் மீறவில்லை. அப்படியிருந்தும் ஒரு மாலையில், பச்சையாக இருக்க வேண்டிய மேஸ்திரி, ஊறிய காக்கித் துணியின் நிறத்தில், தொட்டியின் மூலையில் கண்ணாடியோடு ஒட்டி நின்றது. முன்னங்கால்களை மாற்றி மாற்றித் தூக்கியது. சூடான தரையில் வெறுங்காலோடு நிற்பவர்கள் செய்வது போல. வாயை ஒருமுறை திறந்து மூடியது. சத்தம் வரவில்லை.

நான் திருவொற்றியூர் வீட்டில் தனியாக இருந்தேன். ஜெனி தூத்துக்குடியில் இருந்தாள். அவள் வேலை செய்யும் கன்டெய்னர் கம்பெனி அங்கே புதிய கிளை திறக்க, சில வாரங்களுக்கு அவளை அனுப்பியிருந்தது. துணைக்கு என் மனைவியும் போயிருந்தாள். கிளம்பும்போது ஜெனி வாசலில் நின்று, செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னது இதுதான்:

"இதுவும் போச்சுன்னா, இனிமே இந்த வீட்ல ஒரு உயிரையும் நான் வளர்க்க மாட்டேம்பா."

சித்தாள்

இதுவும் என்றால், முன்பு ஒன்று இருந்தது.

கொளத்தூர்ப் பக்கம் வண்ண மீன் கடைகள் நிறைந்த தெரு ஒன்றில் ஜெனி இரண்டு மரத்தவளைகளை வாங்கி வந்தாள். ஆஸ்திரேலிய இனம். பண்ணையில் பிறந்தவை என்று கடைக்காரர் சொன்னார். நம் ஊர்க் குளியலறைச் சுவரில் ஒட்டும் ஒல்லித் தவளை போல இல்லை. உள்ளங்கை நிறையும் உடம்பு, மெழுகு பூசிய மாதிரித் தோல், எப்போதும் எதையோ நினைத்து லேசாகச் சிரிப்பது போன்ற வாய்.

பெயர் வைத்தது கீழ்வீட்டுத் தனம். காசிமேட்டில் மீன் எடுத்து, எங்கள் தெருமுனையில் விற்பவர். என்னைவிட இரண்டொரு வயது இளையவர்.

"பெருசப் பாரு அண்ணாத்த, கைய மடக்கிகினு, தொப்பையப் போட்டுகினு... மேஸ்திரி கணக்கா குந்திகினு கீது. சின்னது அதும் பின்னாலயே அலையுது. அது சித்தாளு."

சித்தாள் ஒரு வாரம்கூட இருக்கவில்லை. ஜெனி நர்சரியிலிருந்து அழகழகாகச் செடிகள் வாங்கி நட்டு, இரண்டில் சிறியதை முதலில் உள்ளே விட்டிருந்தாள். காலையில் பார்த்தபோது அது மல்லாந்து கிடந்தது. செடிகளைப் பிடுங்கிப் பார்த்ததில், வேரைச் சுற்றியிருந்த மண்ணில் கடுகளவு வெள்ளை மணிகள் உதிர்ந்தன. பூச்சிக்குப் போடும் குருணை மருந்து. ஜெனி அதை ஒரு காகிதத்தில் கொட்டி, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. வயிற்றுத் தோலால் உறிஞ்சிக்கொள்கிறது. அது உட்கார்ந்த இடத்தில் என்ன இருக்கிறதோ அதெல்லாம் உள்ளே போய்விடும். ஜெனிக்கு இது முன்பே தெரியும். தெரிந்தும் நடந்ததுதான் அவளை வாட்டியது.

மேஸ்திரி அதற்குப் பிறகு ஈரக் காகிதம் விரித்த ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் இருந்தது. வெயில் ஏற ஏற அது இரை எடுப்பது குறைந்தது. ஏறி உட்கார இலை இல்லை, ஒளிய நிழல் இல்லை. அப்படியே விட்டால் சுருங்கிப் போகும் என்று ஜெனி சொன்னாள். தொட்டிக்கு நஞ்சில்லாத செடி வேண்டும், அதுவும் சீக்கிரம் வேண்டும் என்பதுதான் என்னிடம் விட்டுப்போன வேலை.

எந்த மண்ணில் என்ன இருக்கிறது

நான் படித்துப் பார்த்துக் காரியம் செய்பவன். என்ன செடி என்பது படித்ததும் முடிவாகிவிட்டது. மேஸ்திரியின் எடைக்கு மெல்லிய பெரணி தாங்காது, ஒரு இரவில் நசுங்கிவிடும். மணி பிளாண்ட் தாங்கும். பாம்புச் செடி என்கிற, கத்தி மாதிரி நிமிர்ந்து நிற்கும் செடி அதைவிட நன்றாகத் தாங்கும். கீழே விரிக்கத் தேங்காய் நார். இவ்வளவுதான்.

எங்கிருந்து என்பதில்தான் மாட்டிக்கொண்டேன்.

நர்சரி வேண்டாம் என்று ஆகிவிட்டது. எண்ணூர்ப் பக்கம் ஒரு நண்பர் தன் வீட்டுக் கொல்லையில் மணி பிளாண்ட் மதிலேறிக் கிடப்பதாகச் சொன்னார். பேருந்து பிடித்துப் போனேன். இலையை விரலால் தடவினால் அனல் மின் நிலையச் சாம்பல் வந்தது. கழுவினால் போகும் என்றார் நண்பர். மேலே இருப்பது போகும். வருடக்கணக்காக வேர் குடித்தது போகுமா? அவர் மனம் நோகக் கூடாதென்று காபி குடித்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன்.

ராயபுரத்தில் பழைய கிடங்கு ஒன்றின் சுவர் வெடிப்பில் கொழுகொழுவென்று செடிகள் தெரியும். பக்கத்தில் போனேன். சுவரோரம் எண்ணெய்ப் பீப்பாய்களை அடுக்கியிருந்தார்கள்.

இந்தப் பகுதியில் நான் பிறக்கவில்லை என்றாலும் வளர்ந்ததும் பிழைத்ததும் இங்கேதான். ரயில்வே லைன் ஓரப் பள்ளங்களில் ஐப்பசி மழைக்குத் தண்ணீர் தேங்கினால் தவளைகள் கத்துவது எங்கள் பழைய வீட்டுக்குள் கேட்கும். அது எந்த வருடத்தோடு நின்றது என்று நான் குறித்து வைக்கவில்லை. அரசாங்கம் மாறியதை, அரிசி விலை ஏறியதை, புயல் வந்ததையெல்லாம் எழுதி வைத்தவன் இதை விட்டுவிட்டேன். சத்தம் தொடங்கினால் தெரிகிறது. நின்றது எப்போது என்று யாருக்கும் தெரிவதில்லை.

தனத்தின் பாம்புச் செடி

செடி தேடி நான் அலைவது தனத்துக்குத் தெரியாமல் இருக்குமா? ஒரு காலை மாடிப்படியில் வழி மறித்தார்.

"இன்னா அண்ணாத்த, ஊரெல்லாம் சுத்திகினு கீற? என் வூட்டு வாசல்ல கீதே, கண்ணு தெரீல?"

அவர் வாசலில் நிஜமாகவே ஒரு பாம்புச் செடி இருந்தது. இடுப்பு உயரம். திடமான இலைகள். பூச்சி மருந்தின் வாசனையே அறியாதது. நான் குனிந்து பார்த்தேன். செடி நின்றிருந்தது ஒரு பழைய பெயின்ட் டின்னில்.

அந்த டின்னை எனக்குத் தெரியும். என் அண்ணனும் நானும் ராயபுரத்தில் பல வருடம் கயிறும் படகுச் சாமானும் விற்றோம். எங்கள் அப்பா தெற்கிலிருந்து வந்து தொடங்கிய கடை. அதில் அதிகம் விற்றது படகின் அடிப்பாகத்துக்குப் பூசும் இந்தச் சிவப்புப் பெயின்ட்தான். பாசி, சிப்பி எதுவும் மரத்தில் ஒட்டக் கூடாது என்பதற்காகவே செய்தது. ஒட்ட வரும் உயிரைக் கொல்வதுதான் அதன் வேலை. கடைச் சுவரில் நாங்கள் அந்த டின்களை அடுக்கிய மூலையில் ஒரு கொடியும் ஏறியதில்லை. மற்ற மூலைகளில் ஏறியது.

"இது வேணாம்மா," என்றேன்.

"ஏன்? இன்னா குறைச்சல்?"

"டின்னு... பழைய பெயின்ட் டின்னு. அதுல இருந்து விஷம் இறங்கியிருக்கும்."

"இன்னாது! எத்தினி வருசமா கீது, செடி செத்துச்சா? பக்கத்துல குந்திகினு துன்ற நாங்க செத்தமா?"

"நமக்கு ஒண்ணும் ஆகாது. தவளைக்கு ஆகும்."

தனம் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப என் வூட்டுச் செடி கலீஜு. அத்தச் சொல்லு நேரா."

"அப்படி இல்லம்மா..."

"போ போ. ஏசி ரூம்புல வளர்ற செடியா கெடைக்கும், போய்த் தேடு."

கதவைச் சாத்திக்கொண்டார். அதன் பிறகு சில நாட்கள், வஞ்சிரம் வந்தால் மாடியைப் பார்த்துக் குரல் கொடுப்பவர் கொடுக்கவில்லை.

திருடித்தான் எடுக்க வேண்டும்

தனம் கோபத்தில் சொன்னதுதான் வழி காட்டியது. ஏசி அறை.

துறைமுகத்தை ஒட்டிச் சுங்கம் முடித்துத் தரும் ஏஜென்ட் அலுவலகங்கள் வரிசையாக இருக்கின்றன. அவற்றில் ஒன்று என் நண்பர் சேவியருடையது. அவர் மேசை மீது ஒரு கண்ணாடிப் பாட்டிலில் மணி பிளாண்ட் இருப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். வெறும் தண்ணீரில் வளர்வது. மண் கண்டதில்லை. ஜன்னல் திறந்ததே இல்லை என்பதால் துறைமுகத்துக் கரித்தூளும் கண்டதில்லை. குடிக்க வாங்கும் கேன் தண்ணீரையே அதற்கும் ஊற்றுவார்கள். அறையின் ஒரு சுவர் முழுக்க அது படர்ந்திருந்தது.

போய்க் கேட்டேன். சேவியரின் முகம் மாறியது.

"மணி பிளாண்ட கேட்டு வாங்கப்பிடாதுவே. குடுக்கவும் பிடாது. குடுத்தா கைய விட்டுப் போயிரும்னு எங்கம்மை சொல்லுவா."

"வே, நீர் ஞாயிறு தவறாம கோயிலுக்குப் போற ஆளு."

"கோயிலுக்குப் போறது வேற, யாபாரம் வேற. இதத் திருடித்தான் எடுக்கணும். திருடுனாத்தான் தழைக்கும். எனக்கும் நட்டமில்ல."

"இப்ப நான் என்ன செய்ய?"

அவர் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். "நான் இந்தக் காலண்டரப் பாத்துக்கிட்டு இருக்கேன். நீரு என்னமும் செய்யும். ஏ, கணு விட்டு வெட்டும்வே, வீணாக்கிராதீரும்!"

அலுவலகத்தில் இருந்த இரண்டு பெண்கள் கோப்புகளுக்குப் பின்னால் சிரித்துக்கொண்டிருக்க, நான் அறுபது வயதுக்கு மேல் முதன்முதலாகத் திருடினேன். வெட்டிய கொடிகளை ஈரத்துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தபோது முதுகுப்பக்கம் அவர் குரல் கேட்டது. "யாரோ வந்துட்டுப் போன மாதிரி இருந்திச்சே!"

மாடியில் இரண்டு பக்கெட்

வாங்கிய கையோடு விடக் கூடாது என்பது இரண்டாவது கட்டளை. பொது மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியின் நிழலில், இரண்டு பக்கெட் வைத்தேன். ஒன்றில் மணி பிளாண்ட் கொடிகள். இன்னொன்றில் தேங்காய் நார். நாரைக் கொதிக்க வைத்து, கேன் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, மறுபடி ஊறவைத்தேன். எங்கள் தெருவின் போர் தண்ணீர் உப்பு. மெட்ரோ தண்ணீரில் மருந்து வாசனை. கேன் தண்ணீரை நம்பினேன்.

தினமும் மாலையில் ஜெனி வீடியோவில் கூப்பிடுவாள். டப்பாவைக் காட்டச் சொல்வாள். மேஸ்திரி கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும்.

"இளைச்ச மாதிரி இருக்குல்லப்பா?"

"அதெல்லாம் இல்லம்மா. கேமரால அப்படித் தெரியுது."

இளைத்துத்தான் இருந்தது. தோள்பட்டை எலும்பு தெரியத் தொடங்கியிருந்தது. கொடியில் வேர் விட்டு, புதுத் துளிர் ஒன்று சுருள் பிரிந்தது. இனித் தாமதிக்க முடியாது என்று நினைத்த வேளையில், மீஞ்சூரில் ஒரு உறவினர் வீட்டுப் புதுமனை புகுவிழா. தவிர்க்க முடியாதது. ஓர் இரவு தங்கி, மறுநாள் மதியம் திரும்பினேன்.

பக்கெட்டுகள் வைத்த இடத்திலேயே இருந்தன. கொடிகள் கொஞ்சம் துவண்டிருந்தன. வெயில் என்று நினைத்துக்கொண்டேன். நார் அழகாகப் பிழிந்து, மூடி போட்டு வைத்திருந்தது. நான்தான் பிழிந்து வைத்துவிட்டுப் போனேன் போலிருக்கிறது என்று நினைத்தேன். எல்லாவற்றையும் எழுதி வைப்பவன், அதை மட்டும் எழுதி வைக்கவில்லை.

நாரைத் தொட்டியில் பரப்பினேன். கொடிகளை ஒரு மரக்குச்சியில் சுற்றி நிறுத்தினேன். மேஸ்திரியை இரண்டு கையாலும் எடுத்து உள்ளே விட்டேன். அது நாரில் வயிற்றை அழுத்தி உட்கார்ந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. காபி போடப் போனேன்.

நாக்கில் பட்டது

திரும்பி வந்தபோதுதான் முதலில் சொன்ன காட்சி. காக்கி நிறம். மாற்றி மாற்றித் தூக்கும் கால்கள்.

குருணை இல்லை. மண்ணே இல்லை. பெயின்ட் இல்லை, சாம்பல் இல்லை. ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு வந்தேன், வேறென்ன மிச்சம் என்று. இடத்தைவிட்டு எடுக்கலாமா, எடுத்தால் எங்கே வைப்பது என்றுகூடத் தோன்றாமல் நின்றேன்.

பிறகு, தொட்டிக்குள் மேஸ்திரி ஒளிவதற்காக வைத்திருந்த வெள்ளைக் குழாய்த் துண்டு கண்ணில் பட்டது. அதன் அடியில், நாரைத் தொட்ட இடத்தில், மங்கலான மஞ்சள் வளையம்.

ஒரு இலையைக் கிள்ளி நாக்கில் வைத்தேன்.

உப்பு. கடற்காற்றின் உப்பல்ல. கரிக்கும் உப்பு.

கீழே ஓடினேன். தனம் வாசலில் அரிவாள்மனையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"தனம், மாடில பக்கெட்ட யாராவது தொட்டாங்களா?"

அவர் முகத்தில் பல நாட்களுக்குப் பிறகு ஒரு சிரிப்பு. "பாத்துட்டியா? நான்தான் கய்வி வெச்சேன். நீ பாட்டுக்கு ஊருக்குப் பூட்ட. வெசம் வெசம்னு பொலம்பிகினு இருந்தியே... கல்லுப்பு நெறையப் போட்டு, மஞ்சளக் கரைச்சு, ராவு பூரா ஊற வெச்சு, காலீல புழிஞ்சு வெச்சேன். மீனுல எப்பேர்க்கொத்த கவுச்சியும் பூடும். இது இன்னா, செடிதானே?"

என் முகத்தைப் பார்த்து அவர் கையிலிருந்த அரிவாள்மனையைக் கீழே வைத்தார்.

"இன்னா அண்ணாத்த?"

"தவளைக்கு உப்பு ஆகாதும்மா. அதுல உக்காந்திருக்கு."

அவர் படியேறிய வேகத்துக்கு என்னால் ஏற முடியவில்லை.

தண்ணீர்

நான் மேஸ்திரியை வெளியே எடுத்தபோது அது எதிர்க்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. பின்னங்கால்கள் என் மணிக்கட்டில் தொங்கின.

கழுவ வேண்டும். எதில்? குழாயைத் திறந்தால் போர் தண்ணீர், அதுவும் உப்பு. மெட்ரோ தண்ணீர் அன்று முறை இல்லை. கேனைச் சாய்த்தேன். நாருக்கும் கொடிக்கும் ஊற்றியே தீர்ந்திருந்தது. அடியில் ஒரு டம்ளர் அளவு.

அந்த நேரம் பார்த்துக் கைப்பேசி அடித்தது. ஜெனி.

எடுக்காமல் இருந்திருக்கலாம். நான் தனத்தைப் பார்த்தேன். அவர் சேலைத் தலைப்பை வாயில் வைத்திருந்தார். எடுத்தேன்.

"அப்பா, ஏன் இருட்டா இருக்கு? மேஸ்திரி எங்க?"

"ஜெனி, உப்புத் தண்ணி பட்டிருச்சும்மா."

ஒரு கணம்தான். அவள் கேள்வி கேட்கவில்லை. "கேன் தண்ணி இருக்கா? தட்டுல ஊத்துங்க. ஆழம் வேணாம், வயிறு நனைஞ்சா போதும். மூக்கு வெளில இருக்கணும். ஊத்திட்டே இருங்க, அழுக்குத் தண்ணிய மாத்திட்டே இருங்க."

"கேன் காலி."

"இரு," என்றார் தனம். சொல்லிவிட்டுப் படியில் இறங்கியது கேட்டது. கீழே தெருவில் அவர் குரல் எழுந்தது. மீன் விற்கும்போதுகூட அப்படி எழுந்து நான் கேட்டதில்லை.

"டேய் நைனா! எவன் வூட்லடா கேன் கீது? தொறக்காத கேனு! காசு அப்பால வாங்கிக்கோ, குடுடா மொதல்ல!"

இருந்த ஒரு டம்ளரை எவர்சில்வர் தட்டில் ஊற்றி மேஸ்திரியை உட்கார வைத்தேன். அது உட்காரவில்லை, படுத்தது. நான் தாடையைச் சுட்டு விரலால் தாங்கிப் பிடித்தேன். கைப்பேசியை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்திருந்தேன். ஜெனியின் மூச்சு கேட்டது. பின்னால் என் மனைவி, "என்னடி ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

தனம் தோளில் கேனோடு வந்தார். பக்கத்துத் தெருவிலிருந்து தூக்கி வந்திருக்கிறார். மூடியைப் பல்லால் கிழித்தார். நான் தாங்கிப் பிடிக்க, அவர் உள்ளங்கையில் அள்ளி அள்ளி முதுகில் விட்டார். தட்டில் விழுந்த தண்ணீர் லேசாக மஞ்சளாகி, நாங்கள் கொட்டக் கொட்டத் தெளிந்தது. எத்தனை தட்டு என்று நான் எண்ணவில்லை.

கொட்டிக்கொண்டே தனம் கைப்பேசியைப் பார்க்காமல் பேசினார். "நான்தான்டி கண்ணு பண்ணேன். உங்கப்பா மேல தப்பு இல்ல. நான்தான் உப்பப் போட்டு..."

"பரவால்ல ஆன்ட்டி. ஊத்துங்க."

"ஜெனி."

"சொல்லுங்க ஆன்ட்டி."

தனத்தின் கை நின்றது. "அந்தச் சித்தாளு வந்தப்போ... நீ வேலைக்குப் போக நேரமாச்சுன்னு செடிய கொயாயாண்ட வெச்சுட்டுப் போன. நான் கய்வி வெக்கிறேன்னு சொன்னேன்ல? அப்பவும்..."

எனக்கு அது அதுவரை தெரியாது. ஜெனிக்கும் தெரியாது. குழாயடியில் வெறும் தண்ணீரில் அலசியதாகத்தான் அவள் நினைத்திருக்கிறாள். திரையில் அவள் முகம் அசையாமல் இருந்தது. இணைப்பு நின்றுவிட்டதோ என்று நினைத்தேன்.

"இல்ல ஆன்ட்டி," என்றாள். "அது குருணை. மண்ணுல நான் பாத்தேன். குருணைதான். நீங்க ஊத்துங்க."

தனம் மறுபடி அள்ளி விட்டார்.

வெளியே தெருவிளக்கு எரிந்த பிறகு, என் விரலில் ஒரு சிறு உந்தல். மேஸ்திரி தாடையைத் தானே தூக்கிக்கொண்டது. பிறகு முன்னங்கால்களை, பழையபடி, தொப்பைக்கு அடியில் மடக்கியது.

"குந்திச்சு," என்றார் தனம். அவர் அழுததை நான் பார்த்தது அன்று ஒரு முறைதான்.

நக்கிப் பார்

நிறம் திரும்பச் சில நாட்கள் ஆயின. முதலில் முதுகில் ஒரு பச்சைத் திட்டு, பிறகு தலை. மேஸ்திரி பழைய டப்பாவுக்கும் ஈரக் காகிதத்துக்கும் போனது. சேவியரின் கொடிகள் கருகிவிட்டன. மறுபடி போனேன். அவர் என்னைக் கண்டதும் பேச்சே இல்லாமல் நாற்காலியைக் காலண்டர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அதற்கிடையில் கீழ்வீட்டு வாசலில் ஒரு மாற்றம் தெரிந்தது. பெயின்ட் டின் போய்விட்டது. செடியின் தாய்க்கிழங்கை அப்புறப்படுத்திவிட்டு, ஒரேயொரு இலையைத் துண்டாக நறுக்கி, புது மண்சட்டியில் அலசிய மணலில் நட்டிருந்தார் தனம். அந்தச் செடி அப்படியும் வரும். மெதுவாக வரும். கேன் தண்ணீர்தான் ஊற்றினார். யாரையும் தொட விடவில்லை.

ஜெனி திரும்பி வந்து, மழைக்காலமும் வந்து போன பிறகு ஒரு காலை அவர் சட்டியோடு மேலே ஏறி வந்தார். மணலிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு புது இலை சுருண்டு எழுந்திருந்தது.

"உப்பும் இல்ல, மஞ்சளும் இல்ல, டின்னும் இல்ல," என்றார். "நக்கிப் பாரு அண்ணாத்த."

"வேணாம் தனம், நம்புறேன்."

"நம்பிக்கிம்பிலாம் வேணாம். நக்கு."

நக்கினேன். ஒன்றுமில்லை. இலையின் பச்சை வாசனை மட்டும். ஜெனி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள். இப்போது அந்தச் செடி தொட்டியின் இடது மூலையில் நிற்கிறது. மேஸ்திரி உட்காரும் அளவுக்கு இன்னும் தடிக்கவில்லை. அதன் அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது.

இந்த அத்தியாயத்தை அனுப்புமுன் தனத்திடம் படித்துக் காட்டினேன். பெயரை மாற்றட்டுமா என்று கேட்டேன். "எதுக்கு? ஊருக்கே மீனு விக்கிறவ, பேர ஒளிச்சு இன்னா பண்ணப் போறேன்? போடு," என்றார். சித்தாள் வரும் இடத்தில் மட்டும், தலையைத் திருப்பித் தெருவைப் பார்த்தார்.

அன்று இரவு ஜெனியிடம் தனியாகக் கேட்டேன். "குருணைதான்னு அவ்வளவு உறுதியா சொன்னியே, எப்படித் தெரியும்?"

அவள் தொட்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைப்பதை நிறுத்தவில்லை.

"தெரியாதுப்பா," என்றாள்.

மண்ணில் குருணை இருந்தது, நானும் பார்த்தேன். செடியில் உப்பு இருந்தது, தனமே சொல்கிறார். அந்தச் செடிகளை அன்றே குப்பை வண்டியில் போட்டுவிட்டோம். சித்தாள் இறந்தது இரண்டில் எதனால் என்பதை இதுவரை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை.